அளவு எங்கே மாறுகிறது? மருந்துத் தவறுகள்: கேள்வி-பதில்

கே: அப்பாவுக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது 20 யூனிட் இன்சுலின் போடச் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் பழைய சிரிஞ்சையே பயன்படுத்தலாமா?

ப: முதலில் மருந்துக் குப்பியில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட் என இரண்டு செறிவிலும் இங்கே இன்சுலின் விற்கிறது. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும்; அதாவது 50 யூனிட். நேர்மாறாக 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 8 யூனிட்தான் போகும். இந்த இரண்டாவது தவறு சத்தமில்லாதது. சர்க்கரை இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். என்றைக்குச் சரியான சிரிஞ்ச் வாங்குகிறார்களோ அன்றைக்கு ஆள் மயங்கி விழுவார். மூடி தொலைந்துவிட்டால் சிரிஞ்சின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். இன்சுலின் பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாயிலிருந்து (கார்ட்ரிஜ்) சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கவே கூடாது.

அளவு கூடிப் போய்விட்டது என்று தெரிந்தால், வியர்வையும் நடுக்கமும் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 15 நிமிடத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கே: குழந்தைக்கு 10 கிலோ எடை. போன காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 6 மில்லி கொடுத்தோம். இப்போது கடையில் டிராப்ஸ் தந்திருக்கிறார்கள். அதே அளவா?

ப: இல்லவே இல்லை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் உங்கள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் அது 6 மில்லி. 250 உள்ளதில் 3 மில்லி. மில்லிக்கு 100 உள்ள டிராப்ஸில் ஒன்றரை மில்லிதான். டிராப்ஸை 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு. சீட்டில் 'மில்லி' மட்டும் இருந்தால், 'எத்தனை மில்லிகிராம்?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு, லேபிளைப் பாருங்கள்.

கே: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன். வாய் முழுக்கப் புண். மாத்திரையாலா?

ப: தினமும் விழுங்குகிறீர்களா? மூட்டுவாதத்துக்கு இது வாரம் ஒரு முறை எடுக்கும் மருந்து. நம் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று காலை, மதியம், இரவுக்குத்தான் இடம் இருக்கிறது. கிழமைக்கு இடமே கிடையாது. தவறு பிறப்பது அங்கேதான். தினமும் போனால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி ரத்த அணுக்கள் குறையும். தினமும் எடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய்ப்புண்ணோ காய்ச்சலோ தோலில் ரத்தக்கட்டோ கண்டால் அடுத்த மாத்திரையைப் போடாமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நச்சுத்தன்மைக்கு முறிமருந்து ஃபோலினிக் அமிலம். வீட்டில் இருக்கும் ஃபோலிக் அமில மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. இனி 'செவ்வாய் மட்டும்' என்று அட்டையில் கிழமையை எழுதச் சொல்லுங்கள்.

கே: நர்சிங் மாணவி நான். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை (ஊசி மருந்துள்ள சிறு குப்பி) வார்டில் ஏன் தனியாகப் பூட்டி வைக்கிறார்கள்?

ப: பார்க்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் மாதிரியே இருக்கும் என்பதால். நீர்க்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். 15 சதவீத 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. 500 மில்லி சலைனில் கலந்தால் கை நரம்பில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: தொங்கும் பாட்டிலில் மருந்தைச் சேர்த்துவிட்டு அப்படியே விட்டால், கனமான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே உடம்புக்குள் இறங்கும். ஸ்டாண்டிலிருந்து கழற்றி, பலமுறை தலைகீழாகப் புரட்டிக் கலக்கிய பிறகே மாட்டுங்கள்.

கே: ரத்தம் ஏற்றும் முன் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஏன்?

ப: பொருந்தாத ரத்தம் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆள் மாறாட்டம்தான். 'நீங்கதானே முருகன்?' என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் யாரானாலும் தலையாட்டுவார். 'உங்க பேரென்ன, அப்பா பேரென்ன?' என்று கேட்க வேண்டும். பிறகு கைப்பட்டையில் உள்ள உள்நோயாளி எண். இனிஷியல் மட்டும் வேறுபடும் இரண்டு பேர் ஒரே வார்டில் படுத்திருப்பது நம் ஊரில் சாதாரணம். ஏறத் தொடங்கிய முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கே: தவறு நடந்ததாகச் சந்தேகம். கேஸ் ஷீட் நகல் தருவார்களா?

ப: எழுத்தில் கேளுங்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது; மருந்து கொடுத்த நேரமும் அளவும் இருக்கும் நர்ஸிங் சார்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.