டென்டிஸ்ட்டும் தந்தமும்

அன்புள்ள ஐயா,

'டென்டிஸ்ட் என்ற ஆங்கிலச் சொல், தந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது' என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இது உண்மையா என்று கேட்கிறாள். பல்லுக்குக் கிளிப் போட்டதிலிருந்து அவளுக்கு இதே பேச்சுதான். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டு, ஆனால் அது தாய் மகள் உறவு இல்லை. நாம் யானைக்குச் சொல்லும் தந்தம், வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பல் என்றே பொருள். பிள்ளையாரை ஏகதந்தன் என்கிறோமே, அதே சொல்தான். லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்'. வடமொழியும் லத்தீனும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் இவை பங்காளிச் சொற்கள். நம் சொல் பல். மலையாளத்தில் பல்லு, கன்னடத்தில் ஹல்லு. இத்தனை பழைய சொல் கையில் இருக்கும்போது டென்டிஸ்ட்டை எதற்கு உரிமை கொண்டாட வேண்டும்?

அந்தச் சொல் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியது. பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் 1728-ல் பாரிஸில் வெளியிட்ட இரண்டு தொகுதி நூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது. அந்தக் காலத்தில் சந்தையிலும் தெருவிலும் கூட்டம் சேர்த்துப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபோஷார் பல்லைக் காப்பாற்றப் பார்த்தார். சொத்தையைச் சுரண்டி எடுத்து உலோகம் வைத்து அடைத்தார், இனிப்பைக் குறைக்கச் சொன்னார். பல்லைப் புழுதான் அரிக்கிறது என்று உலகமே நம்பியபோது, நுண்ணோக்கியில் தேடிப் பார்த்துவிட்டு, தான் ஒரு புழுவையும் காணவில்லை என்று எழுதினார். எனக்கு அவரை மிகவும் பிடிப்பது இதனால்தான். நாம் இன்னும் 'பூச்சிப்பல்' என்றுதானே சொல்கிறோம்! சிறுவயதில் என் அத்தைக்குக் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைத்தார்கள். பூச்சி விழுந்ததா என்று நாங்கள் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தோம். அத்தைக்கு அன்று இரவும் தூக்கமில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்தபோது நல்ல வரவேற்பு இல்லை. 1759-ல் எடின்பரோ செய்தித்தாள் ஒன்று, தம்பட்டம் அடிக்கும் பிரெஞ்சுக்காரனுக்கு வேண்டுமானால் இந்தப் பெயர் சரி, நம்மூர் ஆளுக்குப் 'பல் பிடுங்குபவர்' என்பதே போதும் என்ற பொருளில் கேலி செய்தது. கடைசியில் நிலைத்தது டென்டிஸ்ட்தான். தமிழில் நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. பல் வைத்தியர், பல் மருத்துவர் என்று எப்படிச் சொன்னாலும் பிடுங்குகிற வேலை பெயரில் வருவதில்லை. எனக்கு அது பெரிய நிறைவு.

அப்புறம், உங்கள் மகளுக்குக் கிளிப் போட்டவர் ஆர்த்தோடான்டிஸ்ட்டாகத்தான் இருப்பார். ஆர்த்தோ என்றால் கிரேக்கத்தில் நேரானது. பின்னால் வரும் 'ஒடோன்ட்' பல். அதுவும் தந்தத்தின் பங்காளிதான் என்று அவளிடம் சொல்லுங்கள்.