பரிணாம மரமும் பண்பு அட்டவணையும்: டெல்டா மாணவர்களுக்குப் பதில்கள்

கும்பகோணம், முதுகலை மாணவி: மேடம், வாய்க்கால், குளத்து மீன்கள் 34 இனத்துக்கு உடல் நீளமும் முட்டை எண்ணிக்கையும் எடுத்து வைத்திருக்கிறேன். பிஜிஎல்எஸ் (இனங்களின் பரிணாம உறவையும் கணக்கில் எடுக்கும் ரிக்ரெஷன்) செய்ய மரம் எங்கே கிடைக்கும்?

பதில்: ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் 'ஃபிஷ்ட்ரீ' பேக்கேஜ் போடுங்கம்மா. 2018-ல் ரபோஸ்கி குழு வெளியிட்ட மீன் மரத்திலிருந்து உங்கள் இனங்களை மட்டும் வெட்டித் தரும். கிளை நீளம் காலக் கணக்கில் இருக்கும். டிஎன்ஏ தரவு உள்ள இனங்களின் மரத்தையே எடுங்கள். 'முழு மரம்' என்று இன்னொன்றும் உண்டு. அதில் தரவில்லாத இனங்களைக் குத்துமதிப்பாகச் செருகியிருப்பார்கள், பண்பு ஆய்வுக்கு அது ஆகாது.

அடுத்து பெயர். மரத்தில் அடிக்கோடு இருக்கும், உங்கள் எக்செல்லில் இடைவெளி இருக்கும், சில பெயர்களின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸும் ஒட்டியிருக்கும். கட்லாவுக்கே கட்லா கட்லா, லேபியோ கட்லா, கிபெலியான் கட்லா என்று மூன்று பெயர் புழக்கத்தில் உண்டு. 'கைகர்' பேக்கேஜின் நேம்.செக் கட்டளை இரு பக்கமும் பொருந்தாதவற்றைத் தனித்தனியே காட்டும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். பார்க்காமல், மரத்திலிருந்து இனங்களை நீக்கும் ட்ராப்.டிப் கட்டளையைப் போட்டால் நல்ல தரவும் சேர்ந்து போய்விடும்.

பிஜிஎல்எஸ்ஸுக்கு ஆரில் ஜிஎல்எஸ் கட்டளையை ஓட்டும்போது, மரத்தின் உறவைச் சொல்லும் கார்பேஜலுக்குள் 'ஃபார்ம் = ~இனம்' என்று கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அட்டவணையின் வரிசைதான் மரத்தின் வரிசை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை வரும், கணக்கு நிற்காது. விராலின் நீளம் கெண்டையின் கிளையில் உட்கார்ந்திருக்கும், முடிவு மட்டும் அழகாக வரும். நான் அதிகம் பயப்படுவது இந்தப் பிழைக்குத்தான்.

அதே மாணவி: நீளத்துக்கு லாம்டா (பண்பு மரத்தின் உறவை எவ்வளவு பின்பற்றுகிறது என்ற அளவு) 0.1 தான் வருகிறது. அப்படியென்றால் மரமே வேண்டாமா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். பிஜிஎல்எஸ்ஸில் முக்கியமானது எச்சத்தின் (ரிக்ரெஷன் விளக்கியது போக மிஞ்சுவதன்) லாம்டா, பண்பின் லாம்டா அல்ல. மாடலுக்குள்ளேயே அதை மதிப்பிட விடுங்கள். பூஜ்யத்துக்கு அருகே வந்தால் விடை சாதாரண ரிக்ரெஷன் போலவே வந்துவிடும், நஷ்டமில்லை.

மயிலாடுதுறை: நத்தைகளின் சிஓஐ (மைட்டோகாண்ட்ரியா ஜீன்) டிஎன்ஏ வரிசைகளை, மரம் கட்டும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் ஓட்டினேன். கிளையின் நம்பகத்தைக் காட்டும் அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 82. போதுமா மேடம்?

பதில்: போதாது தம்பி. 70-க்கு மேல் நல்லது என்பது பழைய பூட்ஸ்ட்ராப்புக்கு. இதில் 95 வேண்டும். கூடவே எஸ்எச்-ஏஎல்ஆர்டி என்ற இன்னொரு கிளைச் சோதனையும் போட்டு 80-க்கு மேல் வருகிறதா பாருங்கள். அதற்கு முன் வரிசைகளை முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியா மரபுக் குறியீட்டு அட்டவணை 5-இன்படி புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் ஸ்டாப் கோடான் (புரதத்தை நிறுத்தும் குறி) வந்தால் அது வேலை செய்யாத போலி ஜீனாக இருக்கலாம்.

திருவாரூர், வேளாண் மாணவர்: மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி உட்பட 20 நெல் ரகங்களுக்கு மரம் போட்டு இதே ஆய்வு செய்யலாமா?

பதில்: வேண்டாம். எல்லாம் ஒரே இனம். கலப்பு நடந்திருக்கும், கிளை பிரிந்தபடியே நிற்காது. ஸ்ப்ளிட்ஸ்ட்ரீ மென்பொருளில் வலைப்படம் போடுங்கள். பண்புகளுக்கு, ரகங்களின் மரபு நெருக்கத்தைக் காட்டும் உறவு அணி (மேட்ரிக்ஸ்) வைத்த மிக்ஸ்ட் மாடல்.

வேதாரண்யம், ஆய்வு மாணவர்: விரால், குறவை, பனையேறி, தேளி எல்லாம் காற்றைச் சுவாசிக்கின்றன, வற்றும் குளத்திலும் கிடக்கின்றன. இரண்டு பண்புகள் சேர்ந்தே மாறுகின்றனவா என்று பார்க்கும் ஃபிட்பேஜல் சோதனையில் பி மதிப்பு 0.01. தொடர்பு உறுதிதானே?

பதில்: இனங்களை எண்ணாதீர்கள், தோற்றங்களை எண்ணுங்கள். விரால், குறவை, பனையேறி மூன்றும் அனபான்டிஃபார்மீஸ் வரிசை. தேளி கெளுத்தி வரிசை. ஆக உங்களிடம் இருப்பது இரண்டே நிகழ்வு. இன்னும் பத்து விரால் இனத்தைச் சேர்த்தாலும் அது இரண்டாகவேதான் இருக்கும். பழைய ஒரே மாற்றம் ஒரு பெரிய கிளை முழுக்கப் பரவியிருந்தாலும் இந்தச் சோதனை 'தொடர்பு உண்டு' என்றுதான் சொல்லும். 2015-ல் மேடிசனும் ஃபிட்ஸ்ஜானும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். முதலில் 'ஃபைட்டூல்ஸ்' பேக்கேஜில், பண்பு மாறிய வரலாற்றை மரத்தின்மேல் சிமுலேட் செய்யும் மேக்.சிம்மேப் வைத்து 100 வரைபடம் எடுத்து, மாற்றம் எந்தக் கிளைகளில் விழுகிறது என்று பாருங்கள். பிறகு தனியாகத் தோன்றியவற்றைச் சேருங்கள்: குடல் வழியே காற்றை எடுக்கும் அயிரை வகைகள், காற்றுப்பையால் சுவாசிக்கும் நொட்டோப்டெரஸ் மீன். காற்றைச் சுவாசிக்காத நெருங்கிய உறவினர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பி மதிப்பைப் பேசலாம்.