கோடை விடுமுறையில் எங்கள் பண்ணைக்கு வரும் சென்னை நண்பருக்கு எதைச் சுற்றிக் காட்டலாம்?

காய்ந்து கிடக்கும் பண்ணையைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதும் மேய்ச்சல் நிலம்தான் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

காங்கயம் பக்கம் எங்களுக்கு 14 ஏக்கர் கொறங்காடு, அதாவது மழையை நம்பிய மேய்ச்சல் காடு. மூன்றாகத் தடுத்து, சுற்றிலும் கிளுவை என்ற முட்செடியால் ஆன உயிர்வேலி, ஒவ்வொன்றுக்கும் கதவாக ஒரு படல். 5 காங்கயம் மாடுகள், 30 மேச்சேரி ஆடுகள். போன சித்திரையில் மகளுடன் படிக்கும் பெண் சென்னையிலிருந்து வந்து ஐந்து நாள் தங்கினாள். முதல் நாள் காட்டைப் பார்த்ததும், "அங்கிள், இது தரிசு நிலமா?" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாட்டுக் கொட்டகைக்குக் கடன் கேட்டுப் போனபோது ஓர் அதிகாரியும் இதையேதான் சொன்னார். "பயிர் ஒன்றும் இல்லையே, தரிசுதானே" என்று காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். சோலார் போட நிலம் கேட்டு வரும் தரகர்களும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் விலையை ஆரம்பிக்கிறார்கள். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில் மழை பெய்யும் ஊரில், தண்ணீர் பாய்ச்சாமல் மாட்டையும் ஆட்டையும் காப்பாற்றும் நிலத்துக்குப் பெயர் தரிசா? சரி, கேள்விக்கு வருகிறேன்.

வேலை செய்ய வைத்துத்தான் காட்டினேன். விருந்தாளியிடம் வேலை வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் வற்புறுத்தவில்லை. என் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டுத்தரையில் சாணி அள்ளும்போது அந்தப் பெண்ணே எழுந்து வந்து கூடையை வாங்கிக்கொண்டாள். "விடு கண்ணு, கையெல்லாம் ஆயிரும்" என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. அப்புறம் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பினாள். கோடையில் இதுதான் பெரிய வேலை. கிணறு அடியில் கிடக்கும்; மோட்டார் அரைமணி ஓடினால் நின்றுவிடும், ஊறும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஒரு சங்கடம். அவள் படலைச் சாத்தாமல் வந்துவிட்டாள். ஆடுகள் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய் முருங்கைக் கன்றுகளைக் கடித்துவிட்டன. முதலிலேயே சொல்லாதது என் தவறு என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் சொல்லி, புதுக் கன்று வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் முதலில் காட்ட வேண்டியது படலைத்தான். திறந்தவர்தான் சாத்த வேண்டும், கயிற்றைக் கட்ட வேண்டும்.

அன்று மாலை அவளே வெள்வேல மரத்தடிக்கு வந்தாள். புல் காய்ந்திருக்கும் இந்த மாதங்களில்தான் வெள்வேலங்காய் பழுத்து உதிரும். தொரட்டியால் கிளையை உலுக்கச் சொன்னேன். காய் விழும் சத்தத்துக்கே ஆடுகள் ஓடிவந்தன. அவை தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து எங்காவது முளைக்கும். காட்டில் இருக்கும் பாதி மரம் அப்படி வந்ததுதான் என்றேன். கொழுக்கட்டைப் புல்லின் ஒரு தூரைக் கிளறி, மேலே வைக்கோலாக இருந்தாலும் உள்ளே உயிர் இருப்பதைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் வாயில் தரிசு என்ற சொல் வரவில்லை.

அவளுக்கு அதிகம் பிடித்தது செவலைக் கன்றுதான். தாய் வெள்ளையாக இருக்க இது ஏன் சிவப்பு என்று கேட்டாள். காங்கயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். நாளுக்கு இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று இங்கே யாராவது எழுதுவார்கள். எங்கள் அப்பா இந்த மாட்டை வைத்துத்தான் ஏர் ஓட்டி, வண்டி ஓட்டி எங்களைப் படிக்க வைத்தார். என் காலத்தில் கட்டுத்தரையைக் காலியாக்க எனக்கு மனம் வராது.

வெயில் நேரம், பதினொன்றிலிருந்து நாலு வரை, நண்பரை வெளியே இழுக்காதீர்கள். கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்து நிழலில் உட்கார வையுங்கள். சித்திரையில் வந்தால் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள்.

வைகாசியில் ஒரு மழை பெய்தது. ஒரே வாரத்தில் காடு பச்சையானதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "கன்னுக்குட்டி வெளுத்துடுச்சா அங்கிள்?" என்று உடனே கேட்டாள். இன்னும் மூன்று மாதம் ஆகும் அம்மணி என்றேன்.