பேரிடர் நேரத்தில் உதவப் போனால், "முதலில் பதிவு செய்யுங்கள்" என்கிறார்களே, ஏன்?

உள்ளூர் நிவாரணக் குழுவின் தன்னார்வலர் என்பவர், பேரிடர் வருவதற்கு முன்பே தன் பெயர், ரத்தப் பிரிவு, தெரிந்த வேலை, அவசரத்துக்கு அழைக்க ஓர் எண் எல்லாம் கொடுத்து, அடிப்படைப் பயிற்சியும் எடுத்துக்கொண்டவர். சம்பளம் கிடையாது. ஆனால் யார் சொல்வதைக் கேட்பது, எங்கே நிற்பது என்பது அவருக்குத் தெரியும்.

பதிவு செய்யாமல் திடீரென்று வந்தாலும், களத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் குடிநீர், சாப்பாடு, கழிப்பறை வேண்டும். சின்ன அடுப்படியில் பத்துப் பேர் உதவுகிறேன் என்று நுழைந்தால் சமைப்பவருக்குத்தான் வேலை கூடும், அதே கதைதான்.

அதைவிடப் பெரிய காரணம் ஆபத்து. பயிற்சி இல்லாதவர்கள், கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று வெள்ளத்தில் இறங்கிவிடுவார்கள். வேகமாக ஓடினால் 15 செ.மீ. நீரே ஒரு பெரியவரைக் கீழே தள்ளிவிடும். அடியில் மூடி கழன்ற சாக்கடைக் குழியோ அறுந்த மின்கம்பியோ இருக்கலாம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பதிவேட்டில் பெயர் இருந்தால், மாலையில் தலை எண்ணும்போது ஆள் குறைவது தெரியும். பெயர் இல்லாதவர் காணாமல் போனால்? தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது.

அப்புறம், நீச்சல் தெரியாது, பாரம் தூக்க முடியாது, அதனால் நமக்கு இடமில்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு, பொருட்களைப் பிரித்து அடுக்க, கணக்கு எழுத, தொலைபேசி எடுக்க, வெள்ளம் வடிந்த பிறகும் பல வாரங்களுக்கு ஆள் தேவைப்படும்.