பி.ஆர். நிறுவனங்களின் லோகோவில் ஏன் வெறும் பெயர் மட்டும்?

படம் எதுவும் இல்லாமல் பெயரை எழுதிவிட்டு அதையே லோகோ என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பி.ஆர். எனப்படும் மக்கள் தொடர்புத் தொழிலில் பெயர்தானே சரக்கு! 1952-இல் டேனியல் எடல்மன் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் இன்றும் எடல்மன்தான்.

பர்சன் கதை இன்னும் சுவாரசியம். ஹரால்ட் பர்சனும் பில் மார்ஸ்டெல்லரும் 1953-இல் தொடங்கிய பர்சன்-மார்ஸ்டெல்லர், 2018-இல் கோன் அண்ட் உல்ஃப் நிறுவனத்தோடு இணைந்து, பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து பிசிடபிள்யூ (BCW) ஆனது. என்னைக் கேட்டால், முகமே இல்லாத மூன்றெழுத்து. 2024-இல் ஹில் அண்ட் நோல்டனும் சேர்ந்தபோது, பர்சன் என்ற ஒற்றைப் பெயருக்கே திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் நடைமுறைக் காரணம் ஒன்று: பத்திரிகைக் குறிப்பில் மேலே பெரிதாக இருப்பது வாடிக்கையாளரின் லோகோ. பி.ஆர். நிறுவனத்தின் பெயர் கீழே, தொடர்பு விவரங்களோடு சின்னதாகத்தான் வரும். அங்கே படத்தைவிட எழுத்துதான் தெளிவாகத் தெரியும்.