கேளுங்க, சொல்றோம்: போனவங்கள ஊர் எப்படி நெனப்புல வச்சுக்கிறது?

கேள்வி: அண்ணே, ஆச்சி மனோரமா, எஸ். முத்தையா ரெண்டு பேருமே எங்க ஊரோட சம்பந்தப்பட்டவங்க. போன அன்னிக்கு பிளெக்ஸ் வச்சோம், ஸ்டேட்டஸ் போட்டோம், அதோட சரி. இப்ப ஸ்கூல் பசங்கள்ட்ட கேட்டா முத்தையா யாருன்னே தெரியல. என்ன பண்ணலாம்?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: தம்பி, நம்ம செட்டிநாட்டுப் பக்கம் போனவங்கள மறக்குற ஊரே இல்ல. படைப்பு வீட்டுல புதுப் புடவை, வேட்டி வச்சு, இலை போட்டு, நாம கண்ணால பாக்காத முன்னோரக்கூட கும்பிடுறோம். ஆனா அது அவங்கவங்க வீட்டு ஆளுக்கு. ஊருக்கே பொதுவான ஆளுக்கு யாரு படைக்கிறது? அத எழுத்துதான் செய்யணும்னு நான் உறுதியா நம்புறேன்.

முத்தையா 1930ல உங்க ஊர்ல பொறந்து, சிலோன்ல பத்திரிகை வேலை பாத்து, மெட்ராஸுக்கு வந்து அந்த ஊர் சரித்திரத்த எழுதுனவரு, 1991ல 'மெட்ராஸ் மியூசிங்ஸ்'ங்கிற பத்திரிகைய ஆரம்பிச்சாரு, ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே தொடங்குனவங்கள்ல ஒருத்தரு, 2019 ஏப்ரல் 20ல காலமானாரு. இதெல்லாம் எல்லா அஞ்சலிலயும் வந்துச்சு. எனக்குப் பெருசா படுறது வேற. 'தி இந்து'ல வாராவாரம் எழுதுனாருல்ல, அதுல வாசகருங்க லெட்டர் போட்டு விட்டுப்போனத சொல்லுவாங்க, தப்பத் திருத்துவாங்க, அதையெல்லாம் 'போஸ்ட்மேன் கதவத் தட்டினப்போ'ங்கிற மாதிரி ஒரு தலைப்புல அவரே எடுத்துப் போடுவாரு. எவ்வளவு பெரிய மனசு! ஊரே சேந்து எழுதுன சரித்திரம் அது.

ஆச்சிக்கும் அதே மாதிரி ஊரே சேந்து எழுதுங்க. பொறந்தது மன்னார்குடி, வளந்தது பள்ளத்தூர், நாடகத்துல 'பள்ளத்தூர் பாப்பா', மொத படம் 1958ல கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை', 2015 அக்டோபர் 10ல போனாங்க, இதுவரைக்கும் நெட்லயே கெடைக்கும். கெடைக்காதது எதுன்னா அவங்க எந்தத் தெருவுல இருந்தாங்க, மொத நாடகத்துக்கு எங்க கொட்டகை போட்டாங்க, யார் வீட்டுல சாப்பாடு, அந்த மாதிரி. அதெல்லாம் எண்பது தாண்டுன அப்பத்தா, ஐயாக்கள்ட்டதான் இருக்கு, அவங்களும் போயிட்டா முடிஞ்சுது. போன்ல ரெக்கார்ட் போட்டுட்டுப் பக்கத்துல உக்காருங்க, அவசரப்படுத்தாதீங்க. பழைய போட்டோ காட்டுனாங்கன்னா யார் யாருன்னு கேட்டு, பின்னாடி பென்சில்ல பேர் எழுதிருங்க, பேனா வேணாம், மை இந்தப் பக்கம் ஊறிரும். வீட்ட விக்கும்போது அந்த மாதிரி போட்டோவெல்லாம் பெட்டியோட பழைய பேப்பர் கடைக்குப் போறதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. உங்களுக்குப் பக்கத்துல கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு இன்னொரு முத்தையா நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையக்கூட தூக்கிப் போடாம சேத்தாரு, 1992ல அவர் போனப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி அத வாங்கி, இன்னைக்கு சென்னைல லைப்ரரியா நிக்குது.

கேள்வி: பஞ்சு அருணாசலம் நம்ம ஏரியாவா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: ஆமாம்மா, நம்ம காரைக்குடிப் பக்கந்தான். கண்ணதாசனோட அண்ணன் மகன், அவர் சொல்லச் சொல்ல பாட்டெழுதி எடுத்த கை. 1976ல 'அன்னக்கிளி'ல இளையராஜாவ கொண்டுவந்தது இவருதான். 2016 ஆகஸ்ட் 9ல மறைஞ்சாரு. அவரோட படிச்சவங்க, பழகுனவங்க யாராவது இருந்தா நீங்களே போய்க் கேட்டு எழுதி அனுப்புங்க, பேரோட போடுறோம்.