கைகழுவும் தொட்டியா, திறந்த யன்னலா? தொற்றுக் காலத்தில் பாடசாலையை மூடாமல் நடத்த

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறேன். தரம் 6 முதல் 11 வரை; வகுப்புக்கு 42 பிள்ளைகள். கொவிட் போல இன்னொன்று வந்தாலும் பாடசாலையை மூடாமல் நடத்த இப்போதே ஆயத்தம் செய்ய நினைக்கிறோம். வாசலில் பிடிக்கும் வெப்பமானி, மருந்து தெளிக்கும் இயந்திரம், கைகழுவும் தொட்டிகள் வாங்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். வாகனச் சத்தத்தால் வீதிப்பக்க யன்னல்களைத் திறப்பதில்லை. மேல்மாடி மண்டபத்தில் மூன்று வகுப்புகளைப் பலகைத் தட்டிகளால் பிரித்திருக்கிறோம். பாதிப் பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். கையில் இருப்பது சிறு தொகை. எதில் தொடங்குவது?

பதில்: அந்த வீதிப்பக்க யன்னல்களில் தொடங்குங்கள். கொவிட், இன்புளுவென்சா போன்ற நோய்கள் பெரும்பாலும் பரவுவது ஒருவர் விட்ட மூச்சை அதே அறையில் இருக்கும் இன்னொருவர் இழுப்பதால்தான். பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதந்து நிற்கும். அவற்றைத் தெளிமருந்தும் அகற்றாது, வெப்பமானியும் காணாது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட நமது பாடசாலைகள் திறந்தும் மூடியும் இழுபட்டு, 2021 ஒக்டோபர் 21 அன்று 200க்குக் குறைந்த மாணவர்கள் உள்ள ஆரம்பப் பாடசாலைகளில் தொடங்கி மறுபடி படிப்படியாகத் திறக்கப்பட்டன. அந்தக் காலத்தில் நாம் வாசலிலும் தரையிலும் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியையாவது இனி அறைக்குள் இருக்கும் காற்றுக்குச் செலவிட வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு, ஆளுக்கு விநாடிக்கு 10 லீற்றர் புதிய காற்று. உங்கள் வகுப்பறை 25 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் என்று வையுங்கள். அதற்குள் சுமார் 142,000 லீற்றர் காற்று இருக்கும். 42 பிள்ளைகளும் ஆசிரியரும் சேர்ந்து 43 பேருக்கு விநாடிக்கு 430 லீற்றர் வேண்டும். அதாவது ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு முறை அறையின் காற்று முழுவதற்கும் ஈடான புதிய காற்று உள்ளே வர வேண்டும். இரண்டு பக்கமும் யன்னல் திறந்திருந்தால் கொழும்பில் இது சாதாரணமாக நடக்கும். ஒரு பக்கத்தை மூடினால் நடக்காது. ஒரே சுவரில் மட்டும் திறப்பு இருந்தால், 10 அடி உயர அறையில் அந்தச் சுவரிலிருந்து 20, 25 அடிக்கு அப்பால் காற்று சரியாகப் போய்ச் சேராது. மூலைகளில் அதற்கும் முன்பே தேங்கிவிடும்.

சோதித்துப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு யன்னலுக்கும் கதவுக்கும் அருகே பிடித்துப் பாருங்கள். புகை ஒரு பக்கத்தால் உள்ளே வளைந்து மறுபக்கத்தால் வெளியேறினால் நல்லது. நடுவிலேயே சுழன்று நின்றால் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அடைப்பது பெரும்பாலும் விறாந்தைப் பக்க யன்னலை மறைத்து நிற்கும் அலுமாரி, கம்பி வலையில் ஒட்டிய சுவரொட்டிகள், துருப்பிடித்து இறுகிய கொண்டிகள். இவற்றைச் சரிசெய்யப் பெரிதாகப் பணம் போகாது. காற்றின் திசை பருவத்தோடு மாறும்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்தும் வீசும். ஆகவே இரு பருவத்திலும் ஒரு முறை பாருங்கள்.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால் ஒரு காபனீரொட்சைட்டு மானி வாங்குங்கள். நாம் விடும் மூச்சில் வரும் வாயு அது; அறையில் பழைய மூச்சு தேங்கத் தேங்க எண் ஏறும். பாடசாலைக்கு ஒன்று போதும்; வகுப்பு வகுப்பாகக் கொண்டு போகலாம். அகச்சிவப்பு உணரி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். மலிவானவற்றில் பல காபனீரொட்சைட்டை அளக்காமல் வேறு வாயுக்களை வைத்து ஊகித்து ஓர் எண்ணைக் காட்டுபவை. கைச்சுத்திகரிப்பு அற்ககோலைப் பக்கத்தில் காட்டியதும் எண் தாவினால் அது அந்த வகை, வாங்காதீர்கள். திறந்தவெளியில் நல்ல மானி 420 முதல் 450 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் அத்தனை பங்கு) வரை காட்டும். வகுப்பில், இடைவேளைக்குச் சற்று முன், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில், யாருடைய முகத்துக்கும் யன்னலுக்கும் அருகில் இல்லாமல் வைத்துப் பாருங்கள். 800க்குள் இருந்தால் மேலே சொன்ன 10 லீற்றர் கிட்டத்தட்டக் கிடைக்கிறது. 1,500ஐத் தாண்டும் அறையை முதலில் திருத்துங்கள்.

வீதிச் சத்தத்தால் யன்னலைத் திறக்கவே முடியாத அறைகளில் எக்ஸோஸ்ட் ஃபேன் பொருத்தலாம். வீதிப்பக்கச் சுவரின் மேற்பகுதியில் காற்றை வெளியே தள்ளுமாறு பொருத்தினால், விறாந்தைப் பக்கத்தால் புதிய காற்று உள்ளே வரும். வாகனப் புகையும் அவ்வளவாக வராது. உங்கள் வகுப்புக்கு மணிக்குச் சுமார் 1,550 கனமீற்றர் தேவை. பெட்டியில் போட்டிருக்கும் அளவு தடையில்லாத நிலையில் எடுத்தது. சுவரில் பொருத்தி வலையும் போட்டபின் அவ்வளவு வராது. எனவே இரண்டாகப் பொருத்துவது நல்லது. கூரை மின்விசிறி இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. யன்னல் திறந்திருக்கும்போது அது உதவும்; மூடியிருந்தால் உதவாது. கணினி அறையின் ஏசியும் அப்படித்தான்: சுவரில் மாட்டும் வகை, அறைக் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திருப்பி விடுகிறது. அங்கே ஒரு யன்னலையும் கதவையும் நாலு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துவிட்டு மானியைப் பாருங்கள்.

மண்டபத் தட்டிகளை முகடு வரை உயர்த்தினால் பாதுகாப்பு என்று பெற்றோர் சிலர் நிச்சயம் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பக்கமும் சொந்தத் திறப்பு இல்லாவிட்டால், உயர்த்திய தட்டி குறுக்குக் காற்றைத்தான் மறிக்கும். மாறாக, அந்த மூன்று வகுப்பும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் ஒரே கூட்டம் என்று ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். ஒரு வகுப்பில் நோய் பரவினால் மற்ற இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

யன்னலைத் திறந்தால் நுளம்பு வருமே என்ற கவலை கொழும்பில் நியாயமானது. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். வலை அடிக்கலாம், ஆனால் வலை காற்றைக் குறைக்கும். தூசி படிந்த வலை இன்னும் மோசம், எனவே மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். அதைவிட முக்கியம் நுளம்பு பெருகும் இடத்தை ஒழிப்பது. கொவிட் காலத்தில் வாசல்தோறும் வைத்த வாளிகளும் தொட்டிகளும் பல இடங்களில் கைவிடப்பட்டுத் தண்ணீர் தேங்கிக் கிடக்கின்றன. புதிய தொட்டி கட்டுமுன் பழையவற்றை அகற்றுங்கள். கட்டுவதானால் கழிவுநீர் நேரே வடிகாலுக்குப் போக வேண்டும்.

கைகழுவுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. வயிற்றோட்டத்தையும் சின்ன வகுப்புகளில் வரும் கை, கால், வாய் நோயையும் தடுக்க அது அவசியம். இங்கே கவனிக்க வேண்டியது குழாய்களின் எண்ணிக்கை. ஒரு பிள்ளை சரியாகக் கழுவி நகர 35 விநாடி ஆகும். ஒரே குழாயில் 42 பேருக்கு ஏறத்தாழ 25 நிமிடம். இடைவேளை முடிந்துவிடும், பாதிப் பேர் கழுவாமலே சாப்பிடுவார்கள். நான்கு குழாய் இருந்தால் ஆறேழு நிமிடத்தில் முடியும். திரவச் சவர்க்காரம் ஒரு தடவைக்கு 2 மில்லிலீற்றர் என்று பார்த்தால், நாளுக்கு இரண்டு தடவை கழுவும் வகுப்புக்கு வாரம் ஒரு லீற்றர் போதும்.

தெளிக்கும் இயந்திரத்தை வாங்க வேண்டாம். பிள்ளைகள் மேல் கிருமிநீக்கி தெளிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. மேசைகளையும் கைப்பிடிகளையும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தாலே போதும். சத்தி எடுத்த இடத்தைத் துப்புரவாக்க மட்டும் குளோரின் வைத்திருங்கள். 5 வீத திரவ பிளீச்சானால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தால் 0.5 வீதம் வரும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயு வரும்.

வெப்பமானியிலும் நம்பிக்கை வைக்காதீர்கள். நோய் தொற்றிய பலர் காய்ச்சல் தொடங்குமுன்பே பரப்புகிறார்கள். வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி தவறாகக் காட்டும். போதாக்குறைக்கு வாசலில் வரிசை நெரியும்.

அந்தப் பணத்தையும் நேரத்தையும் இடாப்பில் செலவிடுங்கள். வராத பிள்ளைக்கு எதிரே காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்: காய்ச்சலுக்கு "கா", தடிமன் இருமலுக்கு "இ", வயிற்றோட்டத்துக்கு "வ", வேறு காரணத்துக்கு ஒரு கோடு. காலை 9 மணிக்குள் ஒரு ஆசிரியர் எல்லா வகுப்பு எண்ணிக்கையையும் ஒரே தாளில் திரட்டட்டும். ஒரே வகுப்பில் மூன்று நாளுக்குள் மூன்று பேருக்கு ஒரே அறிகுறி என்றால், நமது பரிந்துரை, அன்றே அதிபர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். வகுப்பு, எண்ணிக்கை, அறிகுறி, முதல் பிள்ளை நோயுற்ற நாள், அவர்கள் வரும் வேன் ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் அவர் உடனே முடிவெடுக்கலாம். வகுப்பை மூடுவதா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியோடு பேசி முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் ஒரு வகுப்போடு நின்றுவிடும். முழுப் பாடசாலையையும் மூடத் தேவை வராது. நோயுற்ற பிள்ளையின் பெயரைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். ஒரு தடவை போட்டால் அடுத்த தாய் உண்மையைச் சொல்ல மாட்டார்.

உண்மையைச் சொல்லவிடாமல் தடுக்கும் இன்னொன்று முழு வரவுப் பரிசு. இருமும் பிள்ளையைப் பரசிட்டமோல் கொடுத்து வகுப்புக்கு அனுப்பச் சொல்லும் பரிசு அது. நிறுத்திவிடுங்கள். காய்ச்சல் மருந்தில்லாமலே 24 மணிநேரம் காய்ச்சலின்றி, உடலும் தேறி வந்தால் பிள்ளை திரும்பலாம். அதன்பின் ஐந்து நாள் முகக்கவசம் அணியட்டும். வியர்வையில் நனைந்த கவசம் பயன் தராது, பையில் இன்னும் இரண்டு இருக்க வேண்டும். நாட்கூலிக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது ஒரு நாள் சம்பளம். அவர்களுக்குச் சங்கம் உலருணவோ கைச்செலவோ கொடுக்க ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், எந்தத் தொட்டியையும் விட அது அதிகம் தடுக்கும்.

கொழும்பில் காய்ச்சலைக் கண்டதும் கொவிட் என்று மட்டும் நினைப்பது ஆபத்து. டெங்குவாக இருக்கலாம். பரசிட்டமோல் தவிர இப்யூபுரோபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் எதையும் பாடசாலையிலோ வீட்டிலோ கொடுக்க வேண்டாம். காய்ச்சல் நீடித்தால் மூன்றாம் நாளுக்குள் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சல் விட்டபின்பு கடும் வயிற்றுவலி, தொடர் சத்தி, சோர்வு, கைகால் குளிர்தல் வந்தால் அதுதான் அபாயக் கட்டம். மூச்சிழுப்பு, உதடு நீலம் பாய்தல், நீர் குடிக்க முடியாமை கண்டாலும் காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.

வேன்களைப் பற்றிப் பாடசாலைகள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. ஆறு வகுப்புகளையும், சில வேளை வேறு பாடசாலைப் பிள்ளைகளையும் நாளுக்கு இரண்டு தடவை சிறு பெட்டிக்குள் சேர்த்து வைப்பது வேன்தான். யார் எந்த இருக்கை என்று நிலையான பட்டியல் ஒன்றைச் சாரதி வைத்திருக்கட்டும். எல்லா யன்னலையும் நாலு விரலாவது திறந்து ஓட வேண்டும். மழையென்றால் முன் இடது, பின் வலது என்று குறுக்காக இரண்டையாவது. ஏசி போட்டால் உள்சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை எடுக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். தொற்று அலை நேரத்தில் எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டிய முதல் இடமும் வேன்தான்.

ஆசிரியர் ஓய்வறையை இன்றே போய்ப் பாருங்கள். சிறிய, அடைத்த அறையில் இருபது பேர் ஒன்றாகத் தேநீர் குடிக்கும் இடம் அது. ஐந்து ஆசிரியர் ஒரே வாரத்தில் படுத்தால் பாடசாலை தானாகவே நின்றுவிடும். தேநீரை விறாந்தைக்கு மாற்றுங்கள். காலைத் தேவாரமும் வாணி விழாப் பாட்டும் முற்றத்தில் நடக்கட்டும். சாப்பாடு மர நிழலில், வகுப்பு வகுப்பாக.

ஒரு வகுப்பு மூடப்பட்டால் மறுநாளே பாடம் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிடும் வீடுகள் இருப்பதால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து நாளுக்கான பயிற்சித் தாள்களை அச்சடித்து உறையில் இப்போதே வைத்திருங்கள். தவணை தொடங்கும்போது புதுப்பித்து, உறையின் மேல் வகுப்பு ஆசிரியரின் தொலைபேசி எண்ணையும் அவர் அழைப்பெடுக்கும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள்.